முந்திரிக் கடைக்கு ஒரு விரதம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் கொதித்துக்கொண்டிருந்தார்.

“எங்க சமணத் துறவி அம்மாவ எம் புள்ள வாசலோட அனுப்பிட்டான் அக்கா!”

“ஏன், என்னா பண்ணாங்க?”

“சிதம்பரத்துல தொறந்திருக்கற புது முந்திரிக் கடைய வாழ்த்த வீட்டுக்கு வரச் சொன்னான். ரெண்டு நாள் வெறுங்காலோட நடந்து வந்தாங்க. ‘பழைய பருப்ப புதுசுன்னு சொல்லி விக்க மாட்டேன்னு மொதல்ல விரதம் எடுத்துக்கோ’ன்னாங்க. அவனுக்கு மூஞ்சி செவந்துடுச்சி. ‘வாழ்த்த வந்தீங்களா, வியாபாரத்தக் கெடுக்க வந்தீங்களா’ன்னு கேட்டுட்டான்.”

“அய்யய்யோ! அவுங்க கோச்சிக்கலியா?”

“இல்ல. வழியில பூச்சி புழுவ ஒதுக்கற மயில்பீலிய எடுத்துக்கிட்டு, தண்ணி கூடக் குடிக்காம கெளம்பிட்டாங்க. எனக்குத்தான் வயிறு எரியுது. தலையில கை வெச்சிட்டுப் போறதுக்கா குரு? தப்ப மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்குத்தானே குரு!”

“இப்ப என்னா பண்ணப் போற?”

“அவுங்க பின்னாலயே ஓடிப்போயி அந்த விரதத்த நானே வாங்கிக்கிட்டேன். கடை எம் பேருலதான் இருக்கு. இன்னையிலேர்ந்து கல்லாவுல நான் ஒக்காருவேன். அதுக்குத்தான் சிதம்பரம் போறேன்.”