வாசலில் ஈரச்சாக்கு

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் உறக்கத்தைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவன் கிடையாது, சார். கல்லூரி நூலகத்தில் அதைப் பற்றி இருந்ததே ஒரு புத்தகம்தான். நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

உறக்கத்துக்குப் படிகள் உண்டு. கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் ஆள் கடைசிப் படிக்கு இறங்கிவிடுவான். எழுந்து நடப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஆழத்திலிருந்துதான் நடக்கிறார்கள்.

என் அண்ணன் கருத்தக்கண்ணன் நடப்பது மட்டும் நடிப்பு என்று முடிவு கட்டியிருந்தேன். ராயப்பன்பட்டிப் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு இரவில்தான் வரும். விடிய விடியத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுத் தோட்டத்து வீட்டில் பகலில் தூங்குவோம். அண்ணன் பட்டப்பகலில் எழுந்து நடப்பான். என் ரெக்கார்டு நோட்டை ஆட்டுக்குப் போட்டான். எனக்கு வைத்திருந்த கறியைத் தின்றான். ஒரு நாள் என்னைக் கன்னத்தில் அறைந்தான்.

"தூக்கத்துல செஞ்சதுக்கு என்னடா கோவம்? அவனுக்கு என்ன தெரியும், பாவம்" என்பாள் ஆத்தா.

தூக்கத்திலும் அவன் கைக்கு என் பொருள்தான் அகப்படும் என்பதை வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

ஆத்தா வாசற்படியில் சாக்கை நனைத்து விரித்து வைப்பாள். மிதித்ததும் கால் சில்லிட்டு விழித்துக்கொள்வான். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நான் எங்கன இருக்கேன் ஆத்தா?" என்பான்.

"நாடகம் முடிஞ்சுதாண்ணே? கை தட்டவா?" என்பேன்.

ஆத்தா என் தலையில் ஒரு கொட்டு வைத்துவிட்டு, அவன் தலையைத் தடவிவிடுவாள்.

அன்றைக்கு அவள் புல்லறுக்கப் போனதும் சாக்கை எடுத்துத் துணி காயும் கொடிக்கயிற்றில் போட்டேன். வாசலுக்கு நேர் எதிரே, திராட்சைப் பந்தலைத் தாண்டினால், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. நடிக்கிறவன் விளிம்பில் நின்றுவிடுவான். என் சோதனை அவ்வளவுதான்.

பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்னை உரசிக்கொண்டு போனான். கையை நீட்டியிருந்தால் கைலியைப் பிடித்திருக்கலாம். பிடித்தால் சோதனை கெட்டுவிடும்.

அவன் நிற்கவில்லை. ராத்திரி முழுக்க நாங்களே இறைத்துவிட்டதால், அடியில் பாறைதான் இருந்தது.

என் முடிவு தவறு. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

"சாக்க எடுத்தது யாருடா?" என்று ஆத்தா கேட்டாள்.

"நானும் தூங்கிட்டுத்தான இருந்தேன். தூக்கத்துல எடுத்திருப்பேனோ என்னமோ" என்றேன்.

வெகுநேரம் என்னையே பார்த்தாள். பிறகு என் தலையைத் தடவினாள்.

இப்போது எனக்காக வாசலில் ஈரச்சாக்கு விரித்து வைக்கிறாள். நானும் தினமும் எழுந்து போய் அதை மிதிக்கிறேன், சார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, நான் எங்கன இருக்கேன் ஆத்தா என்று கேட்கிறேன்.