நாலாவது கதவு

சிரிங்க, தாராளமா சிரிங்க. வேஷத்துக்கு நீல மை பூசின இந்த மூஞ்சியப் பாத்து காலையிலேந்து எல்லாரும் சிரிக்கறாங்க. மேடைக்குப் பின்னாடி ஒரே புழுக்கம், மணி அடிக்கிற வரைக்கும் உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். இடைஞ்சல் இல்லையே?

நான் தையல்காரிங்க. கீழ்த்தளத்துலதான் கடை. அதோ, திரைக்கு மேல தலைய நீட்டிக்கிட்டு நிக்குதே பத்தடி பொம்மை, அதுக்கு உடுப்பு என் கைவேலை. இந்த ஒரு கட்டடத்துல ஒம்போது மொழிங்க. மொழிக்கு ஒரு துணின்னு வீடு வீடாப் போய் வாங்கிட்டு வந்து ஒட்டுப்போட்டேன். பஸ் டிரைவரோட பழைய யூனிபார்ம், ரொட்டிக்கடைக்காரர் வீட்டு ஜன்னல் திரை, யாரோ ஒருத்தங்க கல்யாணப் போர்வை கூட இருக்கு. எல்லாம் தச்சு மாட்டிப் பாத்தா, ரெண்டு கையும் இடது கை. முப்பது வருஷமா துணி வெட்டறவ, திருப்பிப் போட்டு வெட்ட மறந்திருக்கேன். மானம் போச்சேன்னு பிரிக்க உக்காந்தேன், யாரும் விடல. இருக்கட்டும், அழகாத்தான் இருக்குன்னுட்டாங்க.

நாடகக் கதை ஒண்ணும் பெரிசில்ல. பொம்மை ஒவ்வொரு வீட்டுக் கதவாத் தட்டும், வீட்டுல இருக்கறவங்க பதில் சொல்லணும். ஆனா ஒரு நிபந்தனை. சொந்த மொழில யாரும் வாயத் தொறக்கக் கூடாது. வேற வீட்டுக்காரங்க மொழிலதான் பேசணும். எது யாருக்குன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ரொட்டிக்கடைக்காரருக்கு தமிழ் விழுந்துச்சு. அத நீங்க கேக்கணுமே. யாரு வந்திருக்கறதுன்னு கேக்கறதுக்கு, மனுஷன் கடை தீப்பிடிச்ச மாதிரி கத்தறார்.

எனக்கா? எனக்கு லிப்ட் மெக்கானிக்கோட மொழி வந்துச்சு. யாருக்கும் தெரியாம பஸ் டிரைவர்கிட்ட போய் சீட்ட மாத்திக்கிட்டேன். சும்மா விடுவாரா அவரு, நாலு பேண்ட்டுக்கு ஜிப்பு வெச்சுக் குடுன்னாரு. வெச்சுக் குடுத்தேன். எனக்கு அவர் கையில இருந்த மொழிதான் வேணும், அப்படி ஒரு பிடிவாதம்.

ஒரே ஒரு வரிங்க. அதையே ஒரு மாசமாப் பாடம் பண்றேன். அளவெடுக்க வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிப் பாத்து, பாதிப் பேரு எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னே நெனச்சிருப்பாங்க. அதக் கேக்க வேண்டிய ஒருத்தங்க இன்னிக்கு வந்திருக்காங்க. கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்கன்னா நான் எங்க போய் நிப்பேன்?

எந்த மொழியா? உங்களோடதுதான். அட, நெசமாத்தாங்க. காதைக் குடுங்க, சொல்றேன். எப்படி? கடைசில கொஞ்சம் இழுக்கணுமா? இருங்க, இன்னொரு தடவை. ம்? அப்பாடா. உள்ள வாங்க, உக்காருங்கன்னு மரியாதையா கேக்குதில்ல? போதும், எனக்கு அது போதும்.

சொல்லிக் குடுத்தது அந்தப் பொண்ணு. பொம்மையோட கைய ஆட்டறாளே, அவதான். உங்க மகளா? தெரியுங்க. நல்ல பொண்ணு. மூணு வருஷத்துல என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. திட்டியிருந்தாக் கூடத் தேவலை. இது எதுக்குன்னு கூடக் கேக்கல, பத்து தடவை சொல்லிக் குடுத்துட்டு எழுந்து போய்ட்டா.

அப்படிப் பாக்காதீங்க. இந்த மையத் தொடச்சிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பீங்க. நீங்க கல்யாணம் பேச வந்தப்ப பாதிக் கதவத் தொறந்துக்கிட்டு, உங்க மொழி எங்க வீட்டுல ஒத்து வராதுன்னு சொன்னேனே, அது நான்தான். அன்னிக்கு நீங்க பேசினது கூட தமிழ்லதான். நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு. என் பையனும் உங்க பொண்ணும் அவங்களா கல்யாணம் பண்ணிட்டு வந்தாங்க, நீங்க எங்க வாசப்படி மிதிக்கவே இல்ல. பேத்தி பொறந்தப்பக் கூட கீழ பூங்காவுலயே வெச்சுக் கொஞ்சிட்டுப் போய்ட்டீங்க. நான் மேல ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எறங்கி வர்றதுக்குக் கால் வரல.

மணி அடிச்சுட்டாங்க, நான் வரேன். நாலாவது கதவு என்னுது. பொம்மையப் பாத்து சொல்ல மாட்டேன், உங்களப் பாத்துதான் சொல்லுவேன். அதுவரைக்குமாவது எழுந்து போயிடாதீங்க, சம்பந்தி.