சலூன்காரர் வீட்டுக் காக்கா கூடு

—கேளும்மா, தொழில் தெரிஞ்சவன் சொல்றேன். குருவிக்குப் பச்சைப்பிள்ளை முடி. மைனாவுக்குச் சுருட்டை. காக்காவுக்கு எதுவும் ஓகே, மீசைகூட எடுத்துக்கும்.

—நல்லா இருக்கு போங்க! சலூன்ல பெருக்கினதையெல்லாம் மூட்டை கட்டிட்டு வந்து கொல்லையில கடை விரிச்சிருக்கீங்க. நேத்து துவைச்ச என் துணியில எவனோ ஒருத்தன் கிருதா ஒட்டிக்கிட்டிருக்கு.

—பின்ன, கூடு மெத்துன்னு இருக்க வேண்டாமா? ரெண்டு மாசம் தண்ணி வச்சேன், தானியம் போட்டேன், ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. முடி வச்சேன், இப்ப பாரு! அணில் வந்துடுச்சு, தவளை வந்துடுச்சு. கொய்யாமரத்துல காக்கா குஞ்சே பொரிச்சாச்சு.

—தவளை உங்க ஷேவிங் கிண்ணத்துலதான் குடியிருக்கு. ‘அடுத்தது நான்தானே’ங்கற மாதிரி கன்னத்தை உப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. ஐயையோ, வீட்டு ஓனர் மாடியிலேர்ந்து இறங்கி வர்றார். மூஞ்சியே சரியில்லைங்க.

—ஒரே பேச்சுதான் தம்பி! இது வீடா, மிருகக்காட்சி சாலையா? என் ஜன்னல் பூரா கத்தை கத்தையா முடி. விடிஞ்சா காக்கா கச்சேரி. இப்பவே ஏறி அந்தக் கூட்டைக் கலை. இல்லைன்னா வீட்டைக் காலி பண்ணு.

—சார், மூணு குஞ்சு சார். இன்னும் சரியாக் கண்ணுகூடத் திறக்கலை.

—ஒரே பேச்சு!

—அண்ணே, கொஞ்சம் கேளுங்க. எங்களுக்குப் புள்ளைகுட்டி இல்லை. இந்த மனுஷன் காலையில எழுந்ததும் மூத்தவன் சாப்பிட்டானா, கடைக்குட்டி தூங்கினானான்னு மரத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டிருக்கார். நான் திட்டுவேன்தான். ஆனா அதைக் கலைச்சா இவர் தாங்க மாட்டார். நானும் தாங்க மாட்டேன்.

—இப்படியெல்லாம் பேசினா மட்டும் விட்டுடுவேனா? ஏறு தம்பி. நீ ஏணியைப் பிடிம்மா.

—பிடிக்கறேன். அது சரி அண்ணே, என்ன தலையில துண்டு? ஒரு மாசமா கழட்டவே மாட்டேங்கறீங்க?

—வெயில்.

—தூறல் போடுதே.

—தூறலுக்கும்தான். என்ன தம்பி மேலே சத்தத்தையே காணோம்?

—ஐயோ! தாய்க்காக்கா மண்டையில கொத்துது சார்! இரும்மா தாயே, உன் புள்ளைங்களை நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்... சார்! சார்! இது நான் வச்ச முடியே இல்லை சார்!

—யார் முடியா இருந்தா என்ன? பிடுங்கிப் போடு.

—அட, ஒரே துண்டா இருக்கு சார்! பக்கவகிடு எடுத்து, பளபளன்னு சாயம் அடிச்சு, அடியில வலை வச்சுத் தச்சிருக்கு! இருபது வருஷமா தலையில கை வைக்கறேன், இப்படி ஒரு சரக்கைப் பார்த்ததே இல்லை!

—ஏங்க, கத்தாதீங்க! பக்கத்து வீட்டு மாடியில குடும்பத்தோட எட்டிப் பார்க்கறாங்க.

—தம்பி... மெதுவாப் பேசுப்பா.

—குஞ்சு மூணும் அதுக்குள்ளே தலைகாணியில படுத்த மாதிரி படுத்திருக்கு சார். அவங்களும் பார்க்கட்டும், மொத்தமா எடுத்துக் கீழே காட்டட்டுமா?

—வேண்டாம்! தொடாதே! இறங்கு, இறங்கு! வாயில்லா ஜீவனைப் போய்... நமக்கென்ன ஈவிரக்கமே இல்லையா?

—அண்ணே, நீங்கதானே கலைக்கச் சொன்னீங்க?

—நான் எங்கேம்மா சொன்னேன்? குஞ்சு பறக்கற வரைக்கும் அந்த மரத்துக்கிட்ட ஒருத்தரும் போகக் கூடாது. அந்தப் பக்கத்து வீட்டு ஆளுங்க எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

—அப்ப வீடு சார்?

—வீட்டுக்கு என்ன? நீங்க பாட்டுக்கு இருங்க. தவளையும் இருக்கட்டும்.

—உங்களுக்குள்ளே இவ்வளவு இளகின மனசா அண்ணே! இருங்க, சூடா டீ போட்டுக் கொண்டு வர்றேன்.

—போயிட்டாளா? தம்பி, இப்படிக் கிட்ட வா. குஞ்சுங்க பறந்ததும் அதை ஷாம்பு போட்டு அலசி, வகிடு கலையாம சீவி, யார் கண்ணுலயும் படாம என் மாடிக்குக் கொண்டு வந்துடுப்பா.