ஈரச் சாக்கும் டேபிள் ஃபேனும்

லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து கேம் ஆடக் கூடாது சார். அடியில் காற்றுப் போகிற துளை அடைபட்டுவிடும். நான் அதெல்லாம் முறையாகத்தான் செய்தேன். தூசி தட்டி, பின்பக்கம் இரண்டு கடலைமிட்டாய் டப்பா மூடியை முட்டுக்கொடுத்துத்தான் ஆடுவேன்.

ஆனாலும் எங்கள் வீடு தகரக் கூரை. கத்திரி வெயிலில் கோவில்பட்டி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தே நிமிஷத்தில் லேப்டாப் விசிறி மிளகாய் மில் மாதிரி இரையும். மைக்கில் அதுதான் கேட்கும்.

"ஏலே சக்தி, மொதல்ல அந்த மிஷின நிப்பாட்டு. ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு" என்பான் திருப்பதி, எங்கள் அணித் தலைவன். அப்புறம் சூடு ஏறி அதுவே அணைந்துவிடும். மூன்று போட்டி இப்படியே போனது. மனுஷனுக்கு எரிச்சல் வருமா, வராதா?

அடுத்த அறையில் அண்ணன் காளீஸ்வரன். பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறார். பேச்சு கிடையாது, வலக்கை மட்டும் அசையும். ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவார். அந்த லேப்டாப்பை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அந்த நன்றி எனக்கு உண்டு.

வனிதா அண்ணி தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பும்போது அண்ணனுடைய அறை ஜன்னலில் ஈரச் சாக்கைக் கட்டி, முன்னால் டேபிள் ஃபேனை வைத்துவிட்டுப் போவார். "தம்பி, மணிக்கொரு தரம் சாக்குல தண்ணி தெளிச்சிருங்க. அவிய வெக்க தாங்க மாட்டாவ."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு இறுதிப் போட்டி. சாக்கை அவிழ்த்து என் ஜன்னலில் கட்டினேன். ஃபேனையும் தூக்கி வந்தேன். அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். சொல்லாமல் எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

லேப்டாப் சத்தம் அடங்கியது. அப்போதுதான் டம்ளர் சத்தம் கேட்டது.

"என்னலே அங்கன மணியடிக்குது?" என்றான் திருப்பதி.

போய்ப் பார்த்தேன். அண்ணன் முகம் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். டம்ளரை வாங்கி அலமாரிமேல் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நாலரை மணிவரை ஆடினோம். மணிக்கொரு தரம் சாக்கில் தண்ணீர் தெளித்தேன், அண்ணி சொன்னதை மறக்கவில்லை. லேப்டாப் ஒரு தடவைகூட அணையவில்லை. ஜெயித்தோம்.

ஆறு மணிக்கு அண்ணி வந்து கதவைத் திறந்தபோது அண்ணனுக்கு உயிர் இல்லை. ஃபேனை எடுத்தது நான், டம்ளரை எடுத்தது நான். எதையும் மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் கூப்பிடக் கூப்பிட நான் போகவில்லை என்று அண்ணி சொல்வது மட்டும் பொய் சார். கதவைச் சாத்தின பிறகு அவர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.