முதலாளியையும் கேக்கும்

மாமனார்: ...என்னையே நீ யாருன்னு கேக்குதா இது?

மருமகன்: எல்லாரையும் கேக்கும் மாமா. என்னையும்தான்.

மாமனார்: உங்களைக் கேக்கட்டும், நீங்க நேத்து வந்த மாப்பிள்ளை. ஒத்தை லாரியை வச்சு இந்தக் கம்பெனியை ஆரம்பிச்சவன் நான்!

மருமகன்: அதெல்லாம் கம்ப்யூட்டருக்கு எங்க தெரியுது... உங்க போன்ல ஆறு நம்பர் வந்திருக்கு பாருங்க. அதைப் பார்த்து இங்க அடிச்சா போதும்.

மாமனார்: இந்தக் கூத்துக்குப் பேரு வேற வச்சிருக்கீங்களாமே?

மருமகன்: ஜீரோ டிரஸ்ட்.

மாமனார்: நல்ல பேரு! பொண்ணைக் குடுத்தவன் மேலயே நம்பிக்கை ஜீரோ!

மருமகன்: ஐயோ மாமா... இதுவரைக்கும் வாசல்ல மட்டும்தான் பூட்டு. ஒருத்தன் உள்ள நுழைஞ்சிட்டா எந்த ரூமுக்கும் போகலாம். போன மாசம் எவனோ நம்ம கிளார்க்கோட பாஸ்வேர்டைத் திருடி, ஒரு வண்டியையே வேற ஊருக்குத் திருப்பி விட்டானே? அதான் இப்ப ஒவ்வொரு கதவுலயும் கேள்வி.

மாமனார்: சரி சரி... இருங்க, வீட்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன்.

மருமகன்: அப்புறம் போடலாம் மாமா. கீழ இன்சுலின் ஏத்தின குளிர்வண்டி நிக்குது. நீங்க அனுமதி குடுத்தாதான் கிளம்பும்.

மாமனார்: கண்ணாடி கார்ல இருக்கு.

மருமகன்: சட்டைப் பையில இருக்கே?

மாமனார்: அது... அது வேற கண்ணாடி. நீங்களே அடிச்சு விடுங்களேன்!

மருமகன்: உங்களுக்காக நான் அடிச்சா, அப்புறம் இந்த ஏற்பாடே எதுக்கு? சரி... ஒண்ணு கேக்கலாமா?

மாமனார்: கேக்கறதுதானே உங்க வேலையே.

மருமகன்: நேத்து மத்தியானம் என் எதிர்ல உக்காந்துதானே சாப்பிட்டீங்க?

மாமனார்: ஆமா. உப்பே இல்ல.

மருமகன்: அதே நேரத்துல உங்க பேர்ல வண்டிகளுக்கு அனுமதி போயிருக்கு. உங்க வீட்டு கம்ப்யூட்டர்லேர்ந்து. ஒரே ஆள் ரெண்டு இடத்துல எப்படி மாமா?

மாமனார்: எவனாவது திருடனா இருக்கும்!

மருமகன்: இருந்தா கில்லாடித் திருடன். ஒரு வண்டியில குளிர் ஏறி இறங்கறதைத் திரையில பார்த்துட்டு, கிளம்ப விடாம நிறுத்தியிருக்கான். போய்ப் பார்த்தா கதவு ரப்பர் கிழிஞ்சு தொங்குது. இங்க நாங்க ஒருத்தரும் கவனிக்கல.

மாமனார்: எப்படிக் கவனிப்பீங்க? அவ கண்ணு அப்படி...

மருமகன்: எவ கண்ணு?

மாமனார்: ...விடுங்க மாப்ள.

மருமகன்: அத்தையா?

மாமனார்: ...முதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க.

மருமகன்: சாத்தியாச்சு. சொல்லுங்க.

மாமனார்: எதைப் பார்த்தாலும் நடுவுல மட்டும் புகை மாதிரி... ஓரம் தெரியுது. இப்பக்கூட உங்க காது தெரியுது, மூஞ்சி தெரியல.

மருமகன்: எவ்வளவு நாளா மாமா?

மாமனார்: வருஷம் திரும்பப் போகுது. போனது வராது, இருக்கறதைக் காப்பாத்தலாம்னுட்டார் டாக்டர்.

மருமகன்: எங்ககிட்ட ஒரு வார்த்தை...

மாமனார்: சொன்னா? பாவம், வீட்டுல இருக்கட்டும்னு ஓரங்கட்டிடுவீங்க. இந்த நாற்காலியை விட்டா நான் யாரு மாப்ள? பயமா இருந்துச்சு... அவ அங்க பார்த்து அனுமதி குடுப்பா, நான் இங்க உக்காந்து தலையாட்டுவேன்.

மருமகன்: டிரைவருங்க சண்டையை யார் தீர்க்கறது? கத்திக்கிட்டு வர்ற கஸ்டமரை யார் சமாதானம் பண்றது? அதுக்கெல்லாம் உங்க வாய் போதும் மாமா, கண்ணு வேணாம்.

மாமனார்: கிண்டலு...! சரி, அங்க மருந்து வண்டி காயுது. என்னமோ நம்பர்னீங்களே, படிங்க.

மருமகன்: ஒரு நிமிஷம்... அத்தைதான் கூப்பிடறாங்க. ஸ்பீக்கர்ல போடறேன்.

மாமியார்: என்ன மாப்பிள்ளை, வாயைத் திறந்தாரா? காலையில நீங்க அனுமதி குடுக்கறவங்க லிஸ்ட்ல என் பேரைச் சேர்த்ததுமே அந்த இன்சுலின் வண்டியை நான் என் பேர்லயே அனுப்பிட்டேன், இந்நேரம் பாதி தூரம் போயிருக்கும்... ஆனா ஒண்ணு, கண்ணு விஷயத்தை உங்ககிட்ட சொல்லி, அவரைக் கேக்க வச்சதே நான்தான்னு மட்டும் உங்க மாமாவுக்குத் தெரியவே கூடாது, என்ன?