நிவேதா ஏற்றுக்கொண்ட தப்பு

போன பங்குனியில் ஒரு ராத்திரி, ஏழரை மணி. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் மலைப்பாதை. முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. வேனுக்குள் சென்னை சாஃப்ட்வேர் கம்பெனி ஆட்கள் ஐந்து பேர். அதில் ஒருவன் என் நண்பன் அருளுடைய மச்சான், செங்கத்துக்கார வெற்றிவேல். அவன் பொய்யே சொல்லாதவன் என்று நான் சொல்ல மாட்டேன். கதையே அவன் சொன்ன பொய்யைப் பற்றித்தான்.

அந்த வருஷம் அவன் டீமுக்கு ஏழரைச் சனி. ஓர் அப்டேட்டைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்றியதில், ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளி விவரமெல்லாம் அழிந்துபோனது. ஏற்றியவன் வெற்றிவேல். ஆனால்...

"நீ புதுசு நிவேதா. உன்ன இன்னா பண்ணிடப் போறாங்க? உன் தப்புன்னு சொல்லிடு" என்று கெஞ்சினான்.

நிவேதா டீமில் புதிதாகச் சேர்ந்த புதூர்நாட்டுப் பெண், வெற்றிவேலை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள். மீட்டிங்கில் எழுந்து, "என் தப்புதாங்க சார்" என்றாள். அன்றைக்கே வேலை போனது. ஊருக்குத் திரும்பிய ஜீப் இதே பாதையில் ஒரு வளைவில் உருண்டது... அவள் பிழைக்கவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா. அந்த வளைவு வந்தபோது வெற்றிவேல் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மலைமேல் தங்கப் போன விடுதி வாசலில் நெருப்பு மூட்டி உட்கார்ந்தார்கள். மேனேஜர் ஆனந்தன் ஒவ்வொருவராகக் கேட்டார். இந்த வருஷம் எங்கே தப்பு நடந்தது? அடுத்த வருஷம் என்ன செய்யப் போகிறோம்? வெற்றிவேலின் முறை வந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். இனிமேலும் தாங்காது.

பின்னால் சருகு சரசரத்தது... டீசல் வாடை... அவன் வாயைத் திறந்தான்.

"என் தப்புதாங்க சார்."

பெண் குரல். அவன் தொண்டையிலிருந்து.

பக்கத்தில் இருந்த பூஜா மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வெற்றி... ஏன்பா நிவேதா மாதிரி பேசுற?" என்றார் ஆனந்தன்.

இல்லை, நிஜமாகவே நான்தான் செய்தேன் என்று சொல்ல வந்தான். மறுபடியும் அதே குரல், அதே மூணு வார்த்தை. தண்ணீர் கேட்டான், அவன் குரல்தான். உண்மையைச் சொல்லப் போனால் மட்டும்... அவள் முந்திக்கொண்டாள்.

விடிந்ததும் நிவேதாவின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனான். பெற்றவள் காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். அம்மா பச்சையம்மா வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். டக்... டக்... நல்ல வெயில். அவள் பின்னால் போய் நின்றான். சொன்னான்.

"என் தப்புதாம்மா..."

அதே குரல்.

தட்டுகிற கை நிற்கவில்லை. பச்சையம்மா திரும்பியும் பார்க்கவில்லை.

"இன்னா பாப்பா... இன்னிக்கி பகல்லயே வந்துட்ட?"