பச்சை டேப்

ஹலோ... ஆங், சொல்லு மாப்ளே... கேக்குது, கேக்குது. ஒர்க் ஷாப்லதான் இருக்கேன், வண்டிக்கு அடியில படுத்திருந்தேன்... என்னது, பழைய கார் ஒண்ணு பிடிச்சுப் போச்சா? அட்வான்ஸ் வேற குடுக்கப் போறியா?... இரு, இரு, இரு. இப்ப எங்க நிக்கிறே?...

கண்ணாடி போட்ட பெரிய ஷோரூமா! ஏசி, சோபா, காபி எல்லாம் ஆச்சா?... ஆமா, குடுப்பான். உன் தலையில மிளகாய் அரைக்கிறதுக்கு முன்னாடி உக்கார வெக்க வேணாமா?... சரி, ஆப்ல ஒண்ணு பாத்தியே, அது?... பத்து போட்டோ, பத்தும் இடது பக்கம்! வலது பக்கத்தைக் காக்கா தூக்கிட்டுப் போச்சான்னு கேட்டியா?... கேக்கல. உங்க மேனேஜர் விக்கிறேன்னாரே, அந்த வண்டி?... வேணாமா? அதுவும் சரிதான். நாளைக்கு ரிப்பேர்னு அவர்கிட்ட போய் நிக்கவா முடியும்?

என்ன, சர்டிபிகேட்டா?... நூத்தைம்பது பாயின்ட் செக்கப்பா! டிக் போட எவனுக்குய்யா கை வலிக்கும்?... யாரு, அனுபவமுள்ள மெக்கானிக் பாத்தாராமா? அடப் போய்யா. அந்தக் கூட்டம் எனக்குத் தெரியாதா? ஒரு ஒயரை ஒழுங்கா ஒட்டத் தெரியாதவனுங்க. நான் கை வெச்ச வண்டியைப் பாத்திருக்கேல்ல? பச்சை டேப், கடைசியில ரெண்டு முடிச்சு. இது யார் வேலைன்னு பத்து வருஷம் கழிச்சும் சொல்லணும். தொழில்னா அது...

சரி, நான் சொல்றதைச் செய். டிரைவர் சீட் பெல்ட்டை இழு. பாதி இல்லப்பா, கடைசி வரைக்கும். மேல தெரியுற பாதியை எவனும் துவைச்சு வெச்சிருப்பான்... என்ன கறை?... செம்மண் கலர்ல கோடா? போச்சு! தண்ணிக்குள்ள முங்கின வண்டி மாப்ளே அது. சென்ட் அடிச்சு உன் மூக்கை ஏமாத்தி விக்கிறான்...

தங்கச்சி எங்கே?... கூட வந்திருக்காளா! ஒன்பது மாச வயித்தோடயா?... ஆஸ்பத்திரிக்கு இதுலதான் போகணுமாமா? நல்லா போவா.

இரு, இன்னும் ஒண்ணு. கால் வைக்கிற இடத்துல கார்ப்பெட்டைத் தூக்கு... சேல்ஸ்மேன் கத்துறானா? கத்தட்டும், தூக்கு நீ... ஒயர் கட்டு தெரியுதா? ஒட்டுப் போட்டிருக்கா?... எத்தனை?... அஞ்சு இடத்துலயா! எந்தப் பாவிய்யா அவன்? மனுசன் ஏறிப் போற வண்டியில இப்படி ஒரு வேலை பண்ணினவன் கையை...

என்ன?...

திரும்பச் சொல்லு... பச்சையா...

முடிச்சு இருக்கா?... ரெண்டு...

இல்ல, இல்ல, லைன்லதான் இருக்கேன்... வண்டி சாம்பல் கலரா? டிக்கி மூடியில ஒரு நசுங்கல்?... ம்... ம்.

மாப்ளே, வண்டி வேணாம். சாவியைக் குடுத்துட்டு வெளிய வந்துடு... காரணம் என்ன காரணம், வான்னா வாயேன்... அது... ஆமா... ஆமாங்கிறேன்ல! நான்தான். மூணு மாசம் முன்னாடி ஒரு புரோக்கர் கொண்டாந்தான். விக்கிற வரைக்கும் ஓடினா போதும்ணேன்னான். ஓட வெச்சுக் குடுத்தேன். யாரோ வாங்கப் போறான், நமக்கென்னன்னு... ஓடிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆயிடும்யா அது. ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிடும். திருப்பவே வராது. அவளை அதுல ஏத்தாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்...

தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதே. புகை வந்துச்சு, அது இதுன்னு ஏதாவது... என்னது?... ஸ்பீக்கர்லயா? எப்போலேர்ந்து?... முதல்லேர்ந்தேவா...

அம்மாடி... அழாதேம்மா... இல்ல, அண்ணன் சொல்றதைக் கொஞ்சம் கேளு, வயித்துப் பிள்ளைக்காரி... என்ன?... இந்த மாதிரி எத்தனை வண்டின்னா?...

அது வந்தும்மா...

ஹலோ?... ஹலோ...